முதலில் காதில் விழட்டும்

அன்புத் தங்கைக்கு,

மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்கப் போவதாக எழுதியிருந்தாய். சான்றிதழ் பற்றிய உன் பயத்துக்கு நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. 14 வயது நிரம்பினால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். அதற்கு இன்னும் ஏழு வருடம் கிடக்கிறது. "என்ன கிளாஸ் படிக்கிறான்?" என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிடு. எனக்குக் கவலை தந்தது நீ அனுப்பிய கால அட்டவணைதான். காலை பத்து முதல் பதினொன்று வரை 'வாசிப்பு' என்று எழுதி, பக்கத்தில் 'கேள்வி-பதில்' என்றும் போட்டிருக்கிறாய்.

அந்த வரியை அடித்துவிடு. பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்த பல வீடுகளில் பள்ளிக்கூடமே கூடத்துக்குக் குடிவந்துவிடுகிறது, அம்மா டீச்சராகிவிடுகிறாள். கணக்குக்கு அது ஓரளவு சரிப்படும். கதைக்குச் சரிப்படாது. "இதிலேருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று நாலு கதைக்குக் கேட்டால், ஐந்தாவது கதையைப் பிள்ளை திறக்க மாட்டான்.

உன் வேலை வாசித்துக் காட்டுவது. தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. வீட்டில் 'வந்துட்டான்', 'எடுத்துக்கிட்டுப் போனான்' என்கிறோம். புத்தகத்தில் 'வந்துவிட்டான்', 'எடுத்துக்கொண்டு போனான்' என்று இருக்கிறது. செய்தி வாசிப்பவரைத் தவிர வேறு யாரும் அப்படிப் பேசி அவன் அதிகம் கேட்டிருக்க மாட்டான். எழுத்துக் கூட்டத் தெரிந்த பையன்கூட அங்கே நின்றுவிடுவது அதனால்தான். உடனே நாம் 'தமிழ் வரல' என்று முடிவுகட்டி, வழவழ தாளில் அழகாக அச்சிட்ட இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கிக் கையில் கொடுத்துவிடுகிறோம். புத்தகத் தமிழின் நடை முதலில் காதில் ஏற வேண்டும். ஆகவே புத்தகத்தில் உள்ளபடியே வாசி; பேச்சுக்கு மாற்றிச் சொல்லாதே. கடினமாக இருந்தால் கதையை முதலில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் பிறகு வாசி. அவனே படிக்க ஆரம்பித்த பிறகும் நிறுத்தாதே. பத்து வயதுப் பையன் கேட்கிற கதை, அவன் தானாகப் படிக்கிற கதையைவிடப் பெரிதாக இருக்கும்.

காதில் ஏறியது என்ன செய்யும் என்பதற்கு உன் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. நீ குடியிருக்கும் புதுச்சேரியில்தான் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் தன் கடைசி முப்பது வருடங்களைக் கழித்தார். கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். மழைக்குத்தான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினேன் என்று தன்னையே கேலி செய்துகொள்வார். அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது. 1991இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது. 2021 மே மாதம் புதுச்சேரியிலேயே மறைந்தார். படிக்காமலே பெரிய ஆளாகலாம் என்பதற்கு இவரைச் சாட்சியாக இழுக்காதே. அது சோம்பேறி வாதம். எழுதத் தொடங்கும்போது அவருக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அதுவரைக்கும் திண்ணைக் கதையும் சங்கீதமும் வாயாடிக் கிழவிகளின் பேச்சும் காதுக்குள் போய்க்கொண்டே இருந்திருக்கின்றன. அதே ஊரில் கு. அழகிரிசாமி என்ற நண்பரும் வாய்த்தார். புத்தகம் பற்றிப் பேச ஒரு ஆள். உன் மகனுக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும். அது நீயாகவே இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

எழுத்து கற்பிக்க 247ஐயும் வரிசையாக ஒப்பிக்கவைக்கத் தேவையில்லை. அறிவொளி இயக்கத்தார் பெரியவர்களுக்கு எழுத்தறிவித்தபோது 'பட்டா' போல அவர்களுக்கு வேண்டிய சொற்களிலிருந்தே தொடங்கினார்கள். உன் பையனுக்கு வேண்டிய சொற்கள் தெருவில் இருக்கின்றன. கடைப் பலகை, பஸ் பலகை, தமிழும் பிரெஞ்சுமாக நிற்கும் வீதிப் பெயர்கள். ரங்கப்பிள்ளை வீதி என்று அவனே படித்துவிட்டு, யார் அந்த ரங்கப்பிள்ளை என்று கேட்டால், இருநூற்று எழுபது எண்பது வருடங்களுக்கு முன் தமிழில் நாட்குறிப்பு எழுதிவைத்த துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர் என்று சொல். மறுநாள் அவனும் ஒரு நோட்டு கேட்கலாம். கேட்காவிட்டாலும் குறைவில்லை.

வாரம் ஒருநாள் ரொமேன் ரோலண்ட் நூலகத்துக்குக் கூட்டிப்போ. 1827இல் தொடங்கியது, 1966இல், ரோலண்டின் நூற்றாண்டில், இந்தப் பெயர் வந்தது. அங்கே எடுக்கிற புத்தகத்தை அவன் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறானா, கொடுக்கட்டும். ஒரே புத்தகத்தை மூன்று தடவை கொண்டுவந்தால் முகம் சுளிக்காதே. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய காமிக்ஸ் கண்ணில் பட்டால் வாங்கு. இரும்புக்கை மாயாவியைப் படித்துக் கெட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. தமிழ்நாடு, புதுவை அறிவியல் இயக்கங்கள் சேர்ந்து நடத்தும் 'துளிர்' இதழும் வீட்டில் கிடக்கட்டும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் இலவசம். செல்போனில் காட்டாமல் அச்செடுத்துத் தைத்துக் கொடு.

எட்டு வயதாகியும் படிக்கவில்லையே என்ற பயம் உனக்கு வரும். பின்லாந்தில் பள்ளியே ஏழு வயதில்தான் தொடங்குகிறது. பிள்ளையை அவன் வேகத்தில் விடுவது உன் ஊருக்கும் புதிதல்ல; 1943இல் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமப் பள்ளியின் கொள்கையே அதுதான். ஆனால் இதையே சாக்காக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிடாதே. கதை கேட்க ஆசைப்படுகிறவன் எழுத்தைக் கண்டால் மட்டும் ஓடினால், நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று தெரியாமல் போனால், கண்ணையும் டிஸ்லெக்சியாவையும் சோதித்துப் பார். வீட்டுக் கல்வியில் பிள்ளையைக் கவனிக்க உன்னைத் தவிர இன்னொரு டீச்சர் இல்லை. நீ கவனிக்காவிட்டால் சிக்கலைக் கண்டுபிடிப்பதே வருடக்கணக்கில் தள்ளிப் போய்விடும்.

என்ன வாசித்துக் காட்டுவது என்று கேட்டிருந்தாய். கி.ரா.வின் 'பிஞ்சுகள்' இருக்கிறது; கரிசல் காட்டில் பறவைகளின் பின்னால் திரிகிற சிறுவன் கதை. நடை பேச்சுக்குப் பக்கத்தில் நிற்பதால் உனக்கும் வாய் கூசாது. அவர் சேர்த்த நாட்டுப்புறக் கதைகளிலிருந்தும் எடுத்துக்கொள், ஆனால் முதலில் நீ படித்துவிட்டு. 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்றே அவர் ஒரு தொகுப்புப் போட்டிருக்கிறார். அதை அலமாரியின் மேல்தட்டில் வை.

அன்புடன்,
அக்கா