ஈரத்துணியின் பாரம் தாங்குமா உங்க ஸ்டாண்ட்?

ஐப்பசி பிறந்தாச்சுன்னா போதும், சைதாப்பேட்டை வீடுகளில் இந்தக் காட்சி தவறாது. நாற்காலி முதுகில் பெட்ஷீட், ஜன்னல் கம்பியில் லுங்கி, ஃபேனுக்கு அடியில் பிள்ளைகளின் யூனிஃபார்ம், கதவு மேல் சேலை! சென்னையில் வருஷத்துக்குப் பெய்கிற சுமார் 140 செ.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மொட்டை மாடிக் கொடி அந்த நாட்களில் எதற்கும் உதவாது. பலருக்குப் பொதுச் சுவர் வீடு, மாடியும் பொது; வெயில் காலத்திலேயே கொடிக்கு முறை வைக்க வேண்டியிருக்கிறது.

சரி, ஒரு ஸ்டாண்ட் வாங்கிடலாம்னு கிளம்புறீங்க. கடையில் மடக்கி நிற்கும்போது எல்லா ஸ்டாண்டும் அழகுதான். வீட்டில் இரண்டு ஜீன்ஸும் ஒரு போர்வையும் ஏறினதும் கால் வளைந்து, தீபாவளிக்குள் பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்கிற ரகம்தான் அதில் அதிகம். கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு கணக்குப் போடுங்க.

காய்ந்த துணி 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கையால் பிழிந்தால் அது கிட்டத்தட்ட 9, 10 கிலோ ஆகிவிடும். மெஷினில் நன்றாகச் சுற்றி எடுத்தால் ஏழரை, எட்டு கிலோ. உங்க வீட்டுக் கணக்கு வேண்டுமா? எடை பார்க்கிற மெஷின் மேல் வெறுமனே ஒரு தடவை, துவைத்த துணி வாளியோடு ஒரு தடவை ஏறி நில்லுங்க. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் வாளியின் எடையைக் கழித்தால் துணியின் பாரம். அட்டைப் பெட்டியில் '15 கிலோ தாங்கும்' என்று போட்டிருந்தால், அது எல்லாக் கம்பியிலும் சமமாகப் பரப்பினால்தான். நாம எங்கே பரப்புறோம்? கைக்கு எட்டுகிற மேல் கம்பியில்தான் எல்லாமே! அதனால் உங்க பாரத்தைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாகச் சொல்கிற ஸ்டாண்டையே கேளுங்க.

கடையில் விரிக்கச் சொல்லி, மேல் மூலை ஒன்றைப் பிடித்துக் குறுக்கே ஆட்டிப் பாருங்க. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நாலு காலும் தரையை விட்டு எழும்பக் கூடாது. கால் அகலமாக விரியணும், நுனியில் ரப்பர் இருக்கணும். சக்கரம் வைத்ததாக இருந்தால் சக்கரத்தில் பூட்டு இருக்கணும். மடக்குகிற இடத்தில் பிளாஸ்டிக் மூட்டு என்றால் யோசியுங்க. குழாய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முதலில் விடைபெறுவது அந்த மூட்டுதான். கம்பிக்குக் கம்பி நாலு விரற்கடை இடைவெளியாவது வேண்டும். நெருக்கமாக நிறைய கம்பி இருப்பது லாபம் போலத் தெரியும். காற்று புகாவிட்டால் துணி காயாதே, என்ன லாபம்?

காந்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'ஒட்டலை பாருங்க, அசல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று காந்தம் வைத்துக் காட்டுவார்கள். காந்தம் ஒட்டினால் இரும்போ, மட்டமான ரகமோ என்று சந்தேகப்படலாம், சரி. ஆனால் ஒட்டவில்லை என்பதால் மட்டும் உசத்தி என்று அர்த்தமில்லை. 202 என்கிற மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது; 304 என்கிற நல்ல ரகத்திலும் ஒட்டாது. சைதாப்பேட்டையிலிருந்து கடல் சில கிலோமீட்டர்தான். உப்புக் காற்றில் முதலில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிப்பது மலிவு ரகம். 304 என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்க. பெயின்ட் பூசின இரும்பு ஸ்டாண்ட் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் பூச்சு ஒரு இடத்தில் பெயர்ந்தால் போச்சு, வெள்ளைச் சட்டையில் விழும் துருக் கறை லேசில் போகாது.

தரையில் இடமே இல்லாதவர்கள், கூரையில் மாட்டி, கயிறு இழுத்து ஏற்றி இறக்குகிற ஸ்டாண்டை வாங்குகிறார்கள். யோசனை புதுசு இல்லை. அக்கிரகாரத்து வீடுகளில் மடித்துணிக்கென்று உத்தரத்தில் மூங்கில் தொங்கும், பாட்டிமார்கள் நீளக் கோலால் துணியை அதில் விரித்துப் போடுவார்கள் இல்லையா, அதன் பேரன்தான் இது! கான்கிரீட் கூரை என்றால் ஆங்கர் போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்க. பிளாஸ்டிக் கட்டையைச் செருகி ஸ்க்ரூ போடுவது இந்தப் பாரத்துக்குப் போதாது. சைதாப்பேட்டையின் பழைய தெருக்களில் மரச் சட்டத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்புமாகக் கட்டின மெட்ராஸ் டெரஸ் கூரை இன்னும் உண்டு. அந்தச் செங்கலில் துளை போடவே கூடாது. விவரம் தெரிந்த தச்சரிடம் காட்டி, மரச் சட்டம் நல்ல நிலையில் இருந்தால் மட்டும் மாட்டுங்க. கயிற்றின் நுனியைக் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் சுற்றிக் கட்டணும். தொங்கும் கயிற்றுச் சுருக்கு குழந்தையின் கழுத்துக்கு ஆபத்து.

கொடியிலே மின்சாரம்

ஸ்டாண்ட் வாங்க ஏன் இவ்வளவு மெனக்கெடணும், இருக்கிற இரும்புக் கம்பியிலேயே போட்டுட்டுப் போறேன் என்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. மழைக்காலத்தில் தமிழ்நாட்டு நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகிற செய்தி, துணி காயப்போடும்போது மின்சாரம் தாக்கி மரணம் என்பது. சில செய்திகளில் இரண்டு பேர். காப்பாற்றப் போய்க் கையைப் பிடித்தவரும் சேர்ந்து போய்விடுகிறார்.

எப்படி நடக்கிறது? வீட்டுக்கு வருகிற சர்வீஸ் ஒயரோ, மாடி பல்புக்கு இழுத்த ஒயரோ கம்பிக் கொடியோடு உரசிக்கொண்டே இருக்கும். காற்றில் ஆடி ஆடி மேலுறை தேய்ந்து, ஒருநாள் உள்ளே இருக்கிற செம்பு கம்பியைத் தொட்டுவிடும். பார்வைக்கு எதுவும் தெரியாது. ஈரக் கையோடு, ஈரத் தரையில் வெறும் காலோடு ஈரச் சேலையை வீசுகிறீர்கள். நனைந்த தோல் மின்சாரத்தைத் தடுக்காது. மின்கம்பத்திலும் அதன் இழுவைக் கம்பியிலும் கொடி கட்டாதீர்கள் என்று மின்வாரியம் மழைக்கு முன்னால் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது.

கம்பிக் கொடியை இன்றைக்கே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்க. அதுவும் ஒயர் போகிற பக்கம் வேண்டாம். நனைந்த கயிறும் நம்பத் தகுந்தது இல்லை. இரும்பு ஸ்டாண்டை ஃபிரிட்ஜ், மெஷின், அயர்ன் பாக்ஸ் ஒயர்களின் மேல் நிறுத்தாதீங்க. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்க. இருந்தால் மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கணும். உடனே மின்சாரம் நிற்கணும். யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் தொடாதீங்க. முதலில் மெயினை நிறுத்துங்க. முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளிவிடுங்க. பிறகு 108.

எந்த மூலையில் நிறுத்துவது?

வாளியிலிருந்து எடுத்த 8 கிலோ, மறுநாள் 5 கிலோவாகக் காய்ந்தது என்றால் மீதி 3 லிட்டர் தண்ணீர் எங்கே போச்சு? உங்க வீட்டுக் காற்றில்! கதவும் ஜன்னலும் சாத்தின படுக்கையறையில் அது சுவரில் பூசணமாகப் பூக்கும். மெத்தையில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளுக்கும் அந்த ஈரம் கொண்டாட்டம். வீசிங் உள்ள குழந்தையோ, ஆஸ்துமா உள்ள பெரியவரோ தூங்குகிற அறையில் ஸ்டாண்ட் நிற்கக் கூடாது. பால்கனி, இல்லாவிட்டால் எதிரெதிர் ஜன்னல் திறந்த ஹால். டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் வைத்துத் துணிகளின் நடுவே காற்றை ஓடவிட்டால் சீலிங் ஃபேனைவிடச் சீக்கிரம் காயும்.

அடுத்து, பேசக் கூச்சப்படுகிற ஒன்று. பல வீடுகளில் பெண்களின் உள்ளாடை எங்கே காய்கிறது? பாத்ரூம் கதவின் பின்னால், இல்லாவிட்டால் துண்டுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல். அது காய்வதே இல்லை, பாதி ஈரத்தோடு உடம்பில் ஏறுகிறது. படர்தாமரைக் காளானுக்கு வேண்டியது அந்த ஈரமும் சூடும்தான். கடந்த சில வருஷங்களாக இந்தியாவில் பரவியிருக்கிற, 2020-ல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைக்கப்பட்ட காளான் வகை, வழக்கமான மாத்திரைக்கே சரியாக மசிவதில்லை. கடையில் கேட்டு வாங்கித் தடவும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதை இன்னும் கிளப்பிவிடும். தோல் டாக்டரிடம் போவதுதான் வழி. ஸ்டாண்டில் வெளிச்சமும் காற்றும் படுகிற ஒரு கம்பியை உள்ளாடைக்கென்றே ஒதுக்குங்க, உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போடுங்க. அம்மாவோ மகளோ இதற்குக் கூச்சப்பட என்ன இருக்கு? அரிப்பு வந்தவரின் துண்டும் துணியும் தனி வாளி, தனிக் கம்பி. துணி தாங்குமானால் 60 டிகிரி சுடுதண்ணீரில் துவைத்து, அயர்ன் செய்யலாம்.

கிளிப் பிரச்னை இருக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. சலவைத் தொழிலாளர்கள் இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, முறுக்குக்கு நடுவில் துணியின் முனையைச் செருகிவிடுவார்கள். எந்தக் காற்றுக்கும் அசையாது, கிளிப்பின் தடமும் விழாது. பால்கனியில் நீங்களும் கட்டிப் பார்க்கலாம்.

உயரத்தையும் கவனியுங்க. தோள்பட்டை பிடித்துக்கொண்ட மாமியார் மேல் கம்பிக்காகக் கையைத் தூக்கவும், அதற்காக ஸ்டூலில் ஏறவும் வேண்டாம். மேல் கம்பி நெஞ்சு உயரத்தில் இருந்தால் போதும். கனமான துணி கீழ்த்தட்டில், இரண்டு பக்கமும் சமமாக. சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே பழைய துண்டு ஒன்றைப் போட்டு வையுங்க. மொசைக் தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் பெரியவர்கள் எழுந்து நடக்க மாதக்கணக்காகும். மூன்று வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டில், மடக்கும் மூட்டில் விரல் நசுங்காமல் பூட்டிக்கொள்கிற ஸ்டாண்டாகப் பார்த்து வாங்குங்க.

ஸ்டாண்ட் வீட்டுக்கு வந்த அன்றே, முழுசா நனைத்துப் பிழிந்த இரண்டு போர்வைகளைப் போட்டு ஒரு ராத்திரி நிறுத்தி வையுங்க. காலையில் கம்பி நடுவில் தொய்ந்திருந்தாலோ, மூட்டு இளகியிருந்தாலோ, பில்லையும் அட்டைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்க.