வீட்டுத் தொட்டியில் கோய் மீன்: முதலில் தண்ணியைப் பாருங்கள்



ஆட்டுக்கும் மாட்டுக்கும் கடன் கேட்ட நாம் இப்போது வண்ண மீனுக்கும் கேட்கிறோம். நல்லதுதான். ஆனால் எங்கள் குழுவில் உள்கடன் எடுத்துத் தொட்டி கட்டி 20 கோய்க் குஞ்சு விட்டோம். ஒரே ராத்திரியில் 14 செத்துப்போச்சு. நோய் ஒன்றும் இல்லை. அன்றைக்குக் குழாய்த் தண்ணி வந்ததென்று தொட்டியில் நேரே திறந்துவிட்டோம். மீன் போச்சு, கடன் போகலை. தவணையைப் பத்து பேரும் சேர்ந்துதான் கட்டினோம்.

குழாய்த் தண்ணியில் கிருமி சாக குளோரின் போடுகிறார்கள். நமக்கு அது நல்லது, மீனின் செவுளை அது அரித்துவிடும். அகலமான பாத்திரத்தில் பிடித்து, வெயில் படும்படி இரண்டு நாள் திறந்து வைத்து, பிறகு ஊற்ற வேண்டும். மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றவே கூடாது. வாரம் கால் பங்கு போதும்.

நம் ஊர் போர்த் தண்ணியில் வேறு சங்கடம். கோடையில் ஆவியாகப் போவது தண்ணி மட்டும்தான்; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால் முதலில் கால் பங்கை இறைத்து விட்டு அப்புறம் நிரப்புங்கள். இறைத்த தண்ணி வாழைக்கும் முருங்கைக்கும் நல்ல உரம்.

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். அதன்மேல் நேரே சிமெண்டுத் தொட்டி கட்டினால் தொட்டியும் விரிசல் விடும். மண்ணைத் தோண்டி எடுத்து, சரளை போட்டு இடித்துக் கட்ட வேண்டும். 6 அடி நீளம், 5 அடி அகலம், 3 அடி ஆழம் என்றால் சுமார் 2,500 லிட்டர் பிடிக்கும். புதுச் சிமெண்டில் சுண்ணாம்புக் காரம் இருக்கும். வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊற வைத்து, இரண்டு மூன்று வாரம் தண்ணியை மாற்றி மாற்றி இறைத்த பிறகுதான் மீன் விடலாம். பொறுமை இல்லாதவர்கள் தொட்டி கட்ட வேண்டாம்!

கோய் என்பது கெண்டை இனம்தான். ஜப்பானில் நீகாட்டா பக்கத்து நெல் விவசாயிகள் சாப்பாட்டுக்கு வளர்த்த கெண்டையில், 1800-களின் தொடக்கத்தில் வண்ணக் குஞ்சுகளைப் பிரித்து வளர்த்தார்கள். அது குளிர்ந்த ஊர். நம் சித்திரை வெயில் அதற்குப் புதிது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணியில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 35 டிகிரியில் 7 கூடத் தேறாது. தொட்டிக்கு மேல் பனையோலைப் பந்தல் போடுங்கள். விடியற்காலையில்தான் பிராணவாயு மிகக் குறைவு. அப்போது மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசி இல்லை, மூச்சுத் திணறல். கரண்டு இல்லாத நேரத்தில் வாளியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். காற்று கலக்கும்.

தீவனம் ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான். மிஞ்சினது அழுகும். அந்த அழுகலிலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் அமோனியா வரும். வடிகட்டி வாளியின் ஜல்லியிலும் ஸ்பாஞ்சிலும் வளரும் நுண்ணுயிர்கள் அதை மாற்றித் தருகின்றன. அவை பெருக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை நாலைந்து குஞ்சு போதும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவினால் அந்த உயிர்களும் போய்விடும். தொட்டித் தண்ணியிலேயே அலசுங்கள். வளர்ந்த கோய் இரண்டடிகூட வரும், ஒன்றுக்கு 1,000 லிட்டராவது வேண்டும். ஆகவே நம் தொட்டியில் குஞ்சு வாங்கி, பெரிதாகுமுன் விற்பதே சரி.

புது மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். உடம்பில் ரவை தூவினது போல வெள்ளைப்புள்ளி வந்தால் அயோடின் கலக்காத கல் உப்பு உதவும். தூத்துக்குடி உப்பளத்து உப்பே போதும். லிட்டருக்கு 3 கிராம் கணக்கு. 2,500 லிட்டருக்கு ஏழரைக் கிலோ. கரைத்து, நாளுக்கு இரண்டரைக் கிலோவாக மூன்று நாளில் ஊற்றுங்கள். போர்த் தண்ணி ஏற்கெனவே கரித்தால் சோதித்துப் பார்க்காமல் உப்புப் போடாதீர்கள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள்.

மீன்கொத்திக்கும் பூனைக்கும் வலை கட்டுங்கள். விற்காத மீனைக் கண்மாயில் மட்டும் விடாதீர்கள். சேற்றைக் கிளறி நாட்டு மீனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மிஞ்சிய 6 மீனும் எங்களிடம் இப்போது நன்றாக இருக்கின்றன. அடுத்த குஞ்சுக்குக் கடன் கேட்பதா என்று வருகிற கூட்டத்தில் பேசுவோம்.