ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகும் பேத்திக்கு

கண்ணு, புரத ஆராய்ச்சிக்காகச் சென்னைக்குக் கிளம்புகிறாய். நோபல் பரிசின் மேல் உனக்கு ஒரு கண் இருப்பது எனக்குத் தெரியும். இருக்கட்டும். இந்த வயதில் அந்த ஆசை இல்லாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் வேலை பார்த்துக்கொண்டே, பரிசு பெற்றவர்களின் கதையையும் பெறாதவர்களின் கதையையும் ஆயுள் முழுக்கப் படித்தவன் நான். உனக்கு ஆகும் என்று பட்டதை மட்டும் சொல்கிறேன்.

1. முதலில் ஜி. என். ராமச்சந்திரனைத் தெரிந்துகொள். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்றபோது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. நம் தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் எப்படி அமைந்திருக்கிறது என்று உலகமே தேடிக்கொண்டிருந்தது. லைனஸ் பாலிங் சொன்ன அமைப்புகூட நிற்கவில்லை. ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடிவத்தைக் கண்டு, 1954-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஆராய்ச்சிக்கான கொலாஜன், அதே ஊரில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்தது. கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர் அவர். நம் ஊர்ப் பட்டறைகளும் நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த களிமண்ணை வைத்துத்தானே பிழைத்தன! 1963-இல் அவர் ராமகிருஷ்ணனோடும் சசிசேகரனோடும் சேர்ந்து வெளியிட்ட வரைபடத்தை, புரதத்தின் வடிவத்தைச் சரிபார்க்கிற எவரும் இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறார்கள். நீயும் உன் கணினித் திரையில் அதைப் பார்ப்பாய். 2001-இல் அவர் மறையும்வரை நோபல் அவரைத் தேடி வரவில்லை. உன் வேலைக்கு அளவுகோல் எது என்று குழம்பும்போதெல்லாம் அந்த வரைபடத்தை நினைத்துக்கொள்.

2. பொறுமையைச் சந்திரசேகரிடம் படி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயதுப் பையன், வெண்குறு விண்மீனின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று அந்தப் பயணத்திலேயே கணக்குப் போட்டான். 1935 ஜனவரியில், லண்டன் வானியல் சங்கத்துக் கூட்டத்தில், பெரியவர் எடிங்டன் எல்லார் முன்னிலையிலும் அதை எள்ளினார். சந்திரசேகர் ஊர் ஊராகப் போய் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. தெரிந்ததை எல்லாம் ஒரு புத்தகமாக எழுதி முடித்துவிட்டு, அடுத்த துறைக்கு நகர்ந்தார். எடிங்டன் மறைந்தபோது மனம் நிறைந்து அஞ்சலி செலுத்தினார். நோபல் வந்தது 1983-இல். நம் சூளையில் தீயை அணைத்ததும் கதவைத் திறந்துவிடக்கூடாது. குளிர்காற்று பட்டால் உள்ளே நல்லபடியாக வெந்த சாமானும் விரிந்துபோகும். அவசரப்பட்ட பையன்கள் எத்தனையோ பேர் உடைந்த சாமானை அள்ளிக் கொட்டியதைப் பார்த்தவன் சொல்கிறேன்: உன் கண்டுபிடிப்பும் ஆறட்டும். அவமானப்பட்ட மனமும் ஆறட்டும்.

3. மறுபடி முதல் வரிசையில் உட்கார வெட்கப்படாதே. பக்கத்துச் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, உயிரியல் தெரியவில்லை என்று திரும்பவும் மாணவராகச் சேர்ந்தார். 2009-இல் அவருக்கு நோபல் கிடைத்தது வேதியியலுக்கு!

4. 1948-ஆம் ஆண்டை மறக்காதே. காந்தியின் பெயர் அமைதிப் பரிசுக்கு ஐந்து முறை முன்மொழியப்பட்டது. 1948 ஜனவரி 30 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உயிரோடு இருப்பவர்களில் தகுந்தவர் இல்லை என்று சொல்லி, குழு அந்த ஆண்டுப் பரிசை யாருக்கும் தரவில்லை. அவர் வழியில் நடந்த ஆல்பர்ட் லுதுலிக்கும் மார்ட்டின் லூதர் கிங்குக்கும் பின்னால் அது கிடைத்தது. அதே 1948 ஜூன் 30 அன்று, நம் ஊர்ப் பெயரைத் தன் பெயராகக் கொண்ட சொ. விருத்தாசலம், அதாவது புதுமைப்பித்தன், காசநோயால் திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42. அந்த ஆண்டு இலக்கிய நோபல் எலியட்டுக்குப் போனது. எலியட் தகுதி குறைந்தவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தங்கள் கைக்கு வராத புத்தகத்தை நடுவர்கள் எப்படிப் படிப்பார்கள்? பட்டியலில் இல்லாதவரைச் சிறியவர் என்று எண்ணும் பழக்கம் உனக்கு வரவே கூடாது. பெரிய ஊரில் இருந்தால்தான் எதுவும் நடக்கும் என்றும் எண்ணாதே. இமையம் நம் விருத்தாசலத்தில் இருந்துகொண்டே எழுதுகிறார். 1994-இல் முதல் நாவல், ‘செல்லாத பண’த்துக்கு 2020-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது.

5. பேர் கிடைத்தால் அதைப் பூட்டி வைக்காதே. முதலில் சொன்ன பாலிங்கின் கொலாஜன் அமைப்பு தவறினாலும், வேதிப்பிணைப்பு பற்றிய வேலைக்காக 1954-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி, ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கி 1958-இல் ஐ.நா.விடம் கொடுத்தார். சொந்த நாட்டு அரசே அவரைச் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. 1962-க்கான அமைதிப் பரிசு அதற்காகவே வந்தது. அவருடைய வேதியியலைவிட இந்தத் துணிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

6. பணம் வந்தால் என்ன செய்வாய் என்று இப்போதே யோசி. எம். எஸ். சுவாமிநாதன் 1987-இல் முதல் உலக உணவுப் பரிசைப் பெற்றார். அந்தத் தொகையை வைத்து மறு ஆண்டே சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், 1968-இல் கீழ்வெண்மணியில் கூலி உழைப்பாளர் குடும்பங்கள் எரிக்கப்பட்ட பிறகு, கீழத்தஞ்சையில் நிலமற்ற பெண்களுக்கு நிலம் வாங்கித் தரவே வாழ்ந்தவர். ‘மாற்று நோபல்’ என்று சொல்கிறார்களே, அது அவருக்கும் அவர் கணவருக்கும் 2008-இல் கிடைத்தது. பரிசு வந்தபோது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே ஆயிரக்கணக்கான பெண்கள் கையில் பட்டா இருந்தது.

7. கூட நின்றவர்களை விட்டுவிடாதே. அறிவியல் நோபலை ஓர் ஆண்டில் ஒரு துறைக்கு மூன்று பேருக்கு மேல் பகிர்ந்து தருவதில்லை. வேலையோ பத்து இருபது பேர் கையால் நடக்கிறது. கருவியைப் பழுது பார்த்தவர், இரவெல்லாம் மாதிரியைக் காத்தவர், உன் கணக்கில் பிழை கண்டு சொன்ன இளைய மாணவி என்று எல்லார் பெயரையும் எழுது. உன் முதல் கட்டுரை அச்சானதும் தாத்தாவுக்கு ஒரு பிரதி அனுப்பு. நன்றி சொல்லியிருக்கும் பெயர்களைத்தான் நான் முதலில் படிப்பேன்.