வினாவே கல்வியின் வாயில்

இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் புகுமுன் மேனிலை வகுப்பு மாணாக்கர் பலர் விரிவாய்வுத் திட்டம் ஒன்றை மேற்கொள்கின்றனர். வினாவைத் தெரிபவர் மாணவரே. ஆசிரியர் வழிகாட்டுவார், விடை கூறார். கட்டுரையாயின் ஏறத்தாழ 5000 சொற்கள். உடன் பணிக்குறிப்பேடும் அவைமுன் விளக்கமும் உண்டு. ஏ.க்யூ.ஏ. தேர்வு வாரியத்தின் 50 மதிப்பெண்களுள் ஆக்கத்திற்கு 20. எஞ்சிய 30 திட்டமிடல், சான்று தேர்தல், தன்மதிப்பீடு ஆகியவற்றிற்கே.

அங்கு வாழும் சமண மாணவி ஒருத்தி, 'பால் உண்பது கொல்லாமைக்கு ஒக்குமா?' என வினவலாம். பண்ணையாளர், கால்நடை மருத்துவர், அறவோர் ஆகிய மூவர் கூற்றையும் அவள் ஆராய்தல் வேண்டும். அவள் காணும் முடிவு இல்ல வழக்கத்திற்கு மாறாயினும், பெரியோராகிய நாம் சினவாது சான்று கேட்போமாக. ஒரு பொருளைப் பல நோக்கில் காணும் அநேகாந்தம் நம் அறத்தின் உயிரன்றோ!