கடாரத்துக்கு விருந்தாளியாகப் போ

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளிப் பயணமாக, பழைய கடாரமான மலேசியக் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போகிறாய், "சோழர் வென்ற மண்ணைப் பார்க்கப் போகிறேன்" என்று எழுதியிருந்தாய். தாராளமாகப் போய்விட்டு வா. ஆனால் அங்கே விருந்தாளியாகப் போவதுதான் பொருத்தம். அங்குள்ள மலையின் நீரும் பழைய கோயில்களின் கற்களும் அப்படித்தான் நினைக்கவைக்கின்றன.

முதலில் நீரைப் பார். யான் என்ற ஊரின் வயல்களுக்குப் பின்னால் ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரத்துக்குத் தனியே எழுந்து நிற்கிறது. கடலிலிருந்து வரும் மேகத்தை மறிக்க அக்கம்பக்கத்தில் வேறு மலையில்லை. ஒருகாலத்தில் மணற்கல்லாக இருந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிய குவார்ட்சைட் பாறைகள் அதில் நிறைய உண்டு. அவற்றின் வெடிப்புகளில் இறங்கும் மழை சுனையாகக் கசிந்து, தித்தி ஹாயூன் போன்ற இடங்களில் அருவியாக விழுகிறது. வங்கக் கடலைக் கடந்துவந்த மாலுமிக்குத் திசை காட்டியதும் இந்த மலைதான், நீர் கொடுத்ததும் இதுதான். கோயில்கள் இதன் அடிவாரத்தில் எழுந்ததில் வியப்பில்லை. மெர்போக் அருங்காட்சியகத்தில் நீ பார்க்கப்போகும் சண்டிகளில், அதாவது பழங்கோயில்களில், பல வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. புக்கிட் பத்து பாகாட் சண்டி மட்டும் தன் பழைய இடத்திலேயே, ஓடைக்கரையில் நிற்கிறது. நேரம் குறைவென்றால் மற்றவற்றை விட்டுவிட்டு அங்கேயே நில். கோயிலும் நீரும் ஏன் சேர்ந்திருந்தன என்பது அங்குதான் விளங்கும்.

"1025இல் இராசேந்திரன் கடாரத்தை வென்றானே, அது பொய்யா?" என்று கேட்பாய். பொய்யில்லை. ஆனால் இங்கே கோயில் எழுப்பும் வழக்கம் அந்தப் படையெடுப்புக்குப் பல நூற்றாண்டு மூத்தது. வங்கத்திலிருந்து வந்த புத்தகுப்தன் என்ற மாலுமியின் கல்வெட்டு, இதற்குத் தெற்கே செபராங் பிறையில் கிடைத்தது. அது ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டினது. இராசேந்திரனின் தந்தை காலத்திலோ கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரை கட்டினார், இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடையாக விட்டான். லெய்டன் செப்பேடு சொல்லும் செய்தி இது. நாம் பெருமையாகப் பேசும் படையெடுப்பைவிட இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் மேடைகளில் இதைப் பேசுவோர் குறைவு.

"கட்டியவர்கள் மறைந்துவிட்டார்கள், இனி யாருக்கு விருந்தாளி?" என்பது இன்னும் கடினமான கேள்வி. ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் இருக்கும் உலுரு என்ற பெரும் மணற்பாறையை எடுத்துக்கொள். அதன் அடியில் முட்டிட்ஜுலு நீர்நிலை உண்டு. அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனாங்கு மக்களுக்கு அந்த இடம் புனிதமானது. 1985இல் நிலம் அவர்கள் கைக்குத் திரும்பிய பிறகும் "பாறைமேல் ஏறாதீர்கள்" என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2019 அக்டோபர் 26இல்தான் ஏறுவது நின்றது. வருமானம் போய்விடும் என்று வாதாடியவர்கள் உண்டு. பாறையைச் சுற்றி நடக்கும் பாதை இன்றும் திறந்தே இருக்கிறது. அங்கே உரியவர்கள் இருந்தார்கள், கேட்டார்கள். பூஜாங்கில் அப்படிக் கேட்க ஆளில்லை. அதன் விலையை 2013இல் கண்டோம்: பதினோராம் எண் சண்டியை மேம்பாட்டுப் பணிக்காக இடித்துத் தள்ளினார்கள், செய்தி வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆகவே உரிமையாளர் இல்லாத இடத்தில் வருகிறவன் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பேன். "இது எங்களுடையது" என்று முழங்குவதைவிட, யார் காலத்தது ஆனாலும் இடிபடாமல் பார்த்துக்கொள்வது மேல்.

அதனால் சண்டிகளின் அடித்தளச் சுவரில் ஏறிப் படம் எடுக்காதே. உடைந்த செங்கல் ஒன்றைக்கூடப் பைக்குள் போடாதே, எந்த இடத்தில் கிடந்தது என்பது தொலைந்தால் அது வெறும் செங்கல். குளிக்கத் தித்தி ஹாயூன் போவீர்கள் என்றால், மலையுச்சியை ஒரு கண் பார்த்துக்கொண்டே இரு. 2021 ஆகஸ்ட் 18இல் உச்சியில் கொட்டிய மழை, பாறையும் மரமும் சேர்ந்த வெள்ளமாக யானுக்குள் இறங்கி உயிர்களைக் கொண்டுபோனது. கீழே வெயில் அடித்தாலும், மேலே கறுத்து நீர் கலங்கினால் உடனே கரையேறு, நண்பர்களையும் கூப்பிட்டுக்கொள்.

அன்புடன்,
அண்ணன்