மனநோயை மறைக்காதீர், மருந்து உண்டு



வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்றால் நாலு பேரிடம் வைத்தியம் கேட்கிறோம். அதே வீட்டில் ஒருவர் மனம் சோர்ந்து மூலையில் உட்கார்ந்தால் கதவைச் சாத்திவிடுகிறோம். "கோட்டி பிடிச்சிட்டுன்னு ஊரு சொல்லுமே, நாளைக்குப் பிள்ளைக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்ற பயம்தான் காரணம். சில மாதங்களில் தேறக்கூடியவர் இந்தப் பயத்தால் வருடக்கணக்கில் அவதிப்படுகிறார்.

இது என்ன நோய்?

சந்தோஷமும் துக்கமும் எல்லோருக்கும் வந்துபோகும். அது நோயல்ல. துயரம் இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக நாள் முழுவதும் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தூக்கம் கெடும். சோறு இறங்காது. பீடித்தட்டை மடியில் வைத்தால் கை ஓடாது. "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்?" என்ற எண்ணம் வரும்.

சிலருக்கு இதற்கு நேர்மாறான காலமும் வரும். இரண்டு மூன்று மணி நேரமே தூங்கினாலும் களைப்பு தெரியாது. ஓயாத பேச்சு, கைக்கு மீறிய செலவு, சட்டென்று கோபம். இப்படிச் சில காலம், சோர்வு சில காலம் என்று மாறி வருவது இருதுருவ மனநிலைக் கோளாறு.

ஏன் வருகிறது?

மூளை வேலை செய்யும் முறையில் மாறுதல், பரம்பரை, கடன் தொல்லை, பெருந்துயரம், பிரசவம் எனப் பல காரணங்கள் சேர்ந்து வருகிறது. செய்வினையோ, பேயோ, சோம்பேறித்தனமோ காரணமல்ல. இது தொற்றும் நோயுமல்ல. "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிரும்" என்பதும் தவறு.

மறைத்ததால் வந்த கேடு

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எந்த வகையிலும் அனுமதிக்கவில்லை.

சிகிச்சை

மனச்சோர்வு மருந்து பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலு நாளில் "கேக்கல" என்று விட்டுவிடக் கூடாது. தேறிய பிறகும் டாக்டர் சொல்லும்வரை சாப்பிட வேண்டும். இருதுருவக் கோளாறுக்கு லித்தியம் உதவும் என்பதை 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்டார். இன்றும் அது நல்ல மருந்து. ஆனால் இரத்தப் பரிசோதனை அவசியம்.

குழந்தை பெற எண்ணும் தம்பதியர் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். சில மருந்துகள் கருவுக்கு ஆகாது. டாக்டர் மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கணவனும் மனைவியும்

பிரசவமான மனைவி வாரக்கணக்கில் அழுதால், பிள்ளையை ஏறெடுத்துப் பார்க்காவிட்டால், "பெத்தவளுக்கு இதென்ன திமிரு" என்று ஏசாதீர்கள். அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். ஆண்களுக்கும் மனச்சோர்வு வரும். பலர் அதைக் குடியில் மறைப்பார்கள். "ஏங்க, ரெண்டு வாரமா நீங்க சரியாவே இல்ல. வாங்க, ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோம்" என்று மனைவி கூப்பிட்டால் கணவர் கௌரவம் பார்க்காமல் புறப்பட வேண்டும்.

"செத்தா தேவல" என்று ஒருவர் சொன்னால் விளையாட்டாக எண்ணாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

எங்கே போவது?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ சொல்லுங்கள். மேல் சிகிச்சைக்குத் தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனை, பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இரவானாலும் 14416 என்ற எண்ணில் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

நினைவில் வையுங்கள்: நோய் வருவது குற்றமல்ல. மறைப்பதால் குடும்ப மானம் காப்பாற்றப்படுவதில்லை. மருந்து கொடுத்தால் குடும்பமே காப்பாற்றப்படும்.