அக்கானியோடு இனிப்பு வேண்டாம், மரச்சீனி வையுங்கள்

களியக்காவிளையில் எல்லையைக் கடந்தால் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. கள்ளோடு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தருவார்கள். இந்தப் பக்கம் 1987 முதல் கள்ளுக்குத் தடை. நமக்கு உள்ளது அதே பனம்பாளையில் ஊறும் அக்கானி, மற்ற ஊர்களில் பதநீர் என்பது. விருந்தாளிக்கு அதை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் முந்திரிக்கொத்தை வைக்கிறோம். கருப்பட்டியோ சர்க்கரையோ நாக்கில் ஏறிய பிறகு அக்கானி வெறும் தண்ணீராகத் தெரியும். காரமும் உப்பும்தான் அதற்குத் துணை.

காலையில் இறக்கியதை வெயில் ஏறுமுன் வாங்குங்கள். வாங்குவதில் வேறு வித்தை இல்லை. ஆட்கள் சறுக்குவது சுண்ணாம்பில். பாளையைச் சீவிச் சாறு சொட்டத் தொடங்கியதுமே ஈஸ்ட் வேலையை ஆரம்பித்துவிடும். கலயத்தின் உள்ளே பூசிய சுண்ணாம்பு அதைத் தடுப்பதால்தான் இனிப்பு நிற்கிறது. பூச்சு குறைந்தால் புளிக்கும், கூடினால் நாக்கை அரிக்கும். இரண்டிலும் அக்கானி கலங்கித் தெரிவதால் நல்லதைக் கொட்டிவிட்டுக் கெட்டதைக் குடிப்பவர்கள் உண்டு. கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். வெண்மை அடியில் படிந்து மேலே தெளிந்தால் அது சுண்ணாம்பு. தெளியாமல் பால்போல் நின்று, குமிழி ஏறி, ஓரத்தில் நுரை கட்டினால் புளிக்கத் தொடங்கிவிட்டது; அதற்கு மாற்று இல்லை, சீனி போட்டு மறைக்காதீர்கள். சுண்ணாம்பு என்றால் தெளிந்ததை மேலாக இறுத்து, பிறகு துணியில் வடியுங்கள். கலக்கி அப்படியே துணியில் ஊற்றினால் நுண்ணிய சுண்ணாம்பு கூடவே இறங்கிவிடும். கரைந்துபோன சுண்ணாம்பு எப்படியும் கொஞ்சம் மிஞ்சும். அதற்குத்தான் பச்சை மாங்காய்க் கீற்று: அதன் அமிலம் சுண்ணாம்பின் கடுமையை முறிக்கும். எலுமிச்சை பிழியவே கூடாது. அளவு ஒரு சொட்டு தப்பினாலும் பனையின் மணம் போய்விடும்.

இனி தட்டு. இத்தாலியின் வடமேற்கில், பீட்மாண்ட் பகுதியில், மொஸ்காத்தோ தாஸ்தி என்றொரு வெள்ளை வைன் செய்கிறார்கள். அங்கே சுண்ணாம்பு இல்லை. குளிரூட்டி நொதித்தலைப் பாதியில் நிறுத்துகிறார்கள். அதனால் திராட்சையின் இனிப்பு மிஞ்சுகிறது, ஆல்கஹால் 5 சதவீதம் அளவில் நின்றுவிடுகிறது. ஊர்க்காரர்கள் அதைக் கேக்கோடு குடித்தாலும், மிளகாய் தூக்கலான ஆசிய உணவுக்கு வைன் தேடுபவர்கள் இந்த வகையைத்தான் நாடுகிறார்கள். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், இனிப்பு தணிக்கும் என்பதே காரணம். ஏறத்தாழ 12 சதவீதம் சர்க்கரை கொண்டு, புளிக்காதவரை ஆல்கஹாலே இல்லாத அக்கானிக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். ஆகவே முதலிடம் வேகவைத்த மரச்சீனிக்கு; தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் உப்பும் சதைத்துத் தேங்காயெண்ணெய் விட்டது. அடுத்தது நல்லமிளகு போட்டுப் பொரித்த சாளை. கள்ளுக்கடையில் மீன்கறி பொருந்துகிறதே என்று கேட்கலாம். கள்ளே புளிப்பு; கறியில் உள்ள குடம்புளியோடு ஒத்துப்போகும். அக்கானிக்குப் பக்கத்தில் அந்தக் கறி வந்தால் இனிப்பு திகட்டும், புளிப்பு துருத்தும். புளிப்பு மாங்காயாகத் தம்ளரில் இருக்கட்டும், தட்டில் வேண்டாம்.

அரிசியும் பயறும் போட்டு அக்கானிக் கஞ்சி வைப்பதில்லையா, அதுவும் இனிப்புதானே என்றால், அங்கே அக்கானி உலைநீர். கொதித்ததும் அதன் பச்சை மணம் மாறிக் கருப்பட்டியின் சுவை வந்துவிடுகிறது. அதைத் தனியாகவே சாப்பிடுகிறோம். குடிக்கும் அக்கானிக்கு அது சான்றாகாது. மிஞ்சியதை இறுக மூடிய பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிர் புளிப்பைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது, உள்ளே வாயு சேர்ந்து திறக்கும்போது சீறும். அன்றே அடுப்பில் ஏற்றிக் கூப்பனி என்னும் பாகாகக் காய்ச்சிவிடுங்கள், தோசைக்கு ஆகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும் ஊற்றாதீர்கள். பனையிலிருந்து வந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான்.